பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்ப்பது எப்படி? பினாங்கிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியத் தமிழர்களைப் பற்றி எழுத வரும் புதியவர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தொழிற்சங்கத் தலைவர், நாடகக்காரர், ஓட்டப்பந்தய வீரர், தலைமையாசிரியர், அரசியல்வாதி என்று யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் சிக்கல் ஏறக்குறைய ஒன்றுதான். பிறந்த தேதி, பிறந்த ஊர், படிப்பு, பட்டம், இறந்த நாள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலாவது இரண்டு சான்றுகள் முட்டிக்கொள்ளும்.

நம் ஆட்களைப் பற்றி அச்சில் இருப்பது குறைவு. உலகப் புகழ்பெற்ற ஒருவரின் பிறந்த ஆண்டைத் தப்பாகப் போட்டால், அதைத் திருத்த நூறு புத்தகங்கள் இருக்கும். தோட்டத்தில் பிறந்து தலைவரான ஒருவரின் ஆண்டைத் தப்பாகப் போட்டால் அடுத்த நினைவு மலரில் அது ஏறும், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரையில் ஏறும், கடைசியில் அதுவே உண்மை என்று ஆகிவிடும். நாங்கள் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

அவரை எனக்கு நேரிலேயே தெரியும். அவர் மகன் என் நண்பர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

உங்கள் சொல்லை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கட்டுரையைப் படிப்பவர் மதுரையிலோ டர்பனிலோ இருக்கலாம். இருபது ஆண்டு கழித்துப் படிக்கலாம். அவருக்கு உங்களையும் தெரியாது, அந்த மகனையும் தெரியாது. அவர் தானே தேடிப்போய்ப் பார்க்கக்கூடிய ஒரு நூல், ஒரு நாளிதழ், ஓர் அரசாங்க வெளியீடு வேண்டும். விக்கிப்பீடியாவில் இதை மெய்யறிதன்மை என்கிறோம். நீங்களே விசாரித்துக் கண்டுபிடித்த புதிய தகவல் எவ்வளவு சரியாக இருந்தாலும், வேறெங்கும் வெளிவராதவரை அது சொந்த ஆய்வு. கட்டுரையில் அதற்கு இடமில்லை.

நேர்ப்பழக்கம் வீண் என்று நினைக்க வேண்டாம். எந்த ஆண்டு நாளிதழைப் புரட்ட வேண்டும், எந்தச் சங்கத்தின் மலரில் அவர் பேட்டி வந்தது, எந்தப் பள்ளியின் வெள்ளிவிழா இதழில் படம் இருக்கிறது என்பதெல்லாம் பழகியவர்களுக்குத்தான் தெரியும். அந்த நண்பரிடம் தேதியைக் கேட்பதைவிட, அலமாரியில் அப்பாவைப் பற்றி அச்சில் வந்தது என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

பிறந்த தேதி இரண்டு மூன்று விதமாக இருக்கிறது. எதைப் போடுவது?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் தேதி ஏன் மாறியது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போருக்கு முன் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு உடனே பிறப்பைப் பதிந்தார்கள் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது தலைமையாசிரியர் கேட்பார், அப்பா ஒரு தேதியைச் சொல்வார். வயது போதவில்லை என்றால் கூட்டிச் சொல்வார், கூடிவிட்டது என்றால் குறைத்துச் சொல்வார். அந்தத் தேதிதான் பின்னால் சான்றிதழ், வேலை, ஓய்வூதியம் வரை கூடவே வரும். ஆக, ஒருவருக்குப் பதிவான தேதி ஒன்று, வீட்டார் கொண்டாடும் தேதி ஒன்று என்று இருப்பதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்தது ஜாதகம். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. மார்கழி நடுவிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடும். ‘பவ வருஷம் மார்கழி 20’ என்று ஜாதகத்தில் இருந்தால், பவ ஆண்டு 1934-இல் தொடங்கியது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு 1934 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 1935 ஜனவரி முதல் வாரம். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஓராண்டுப் பிசகு வரலாம். இரண்டு சான்றுகள் சரியாக ஓராண்டு வித்தியாசத்தில் இருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள். அறுபது ஆண்டுச் சுழற்சியையும் மறக்கக் கூடாது. தாது வருஷம் என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஜப்பான் காலம். ஜப்பானியப் படை பினாங்குக்குள் 1941 டிசம்பரிலும் கோலாலம்பூருக்குள் 1942 ஜனவரியிலும் நுழைந்தது. 1945 வரை நீண்ட அந்தக் காலத்துத் தாள்களில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கு வரும். 2602 என்றால் 1942, 2603 என்றால் 1943. யாராவது வருடிய பழைய தாளில் 26-இல் தொடங்கும் ஆண்டைப் பார்த்தால் எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள், 660-ஐக் கழித்துப் பாருங்கள்.

காரணம் தெரிந்த பிறகும் இரண்டு தேதியும் நம்பத்தக்க நூல்களில் நிற்குமானால், இரண்டையும் சான்றோடு சொல்லிவிடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைப்பது நம் வேலை இல்லை. பாரதியாரின் மறைந்த நாளையே பாருங்கள். 1921 செப்டம்பர் 11 என்று நினைவுகூர்கிறோம். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் செப்டம்பர் 12 என்று எழுதுவோரும் உண்டு. எந்தக் கணக்கில் எந்தத் தேதி வருகிறது என்று ஒரு வரியில் விளக்கிவிட்டால் படிப்பவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

தேதியே தேறவில்லை, ஆண்டு மட்டும் உறுதி என்றால் ஆண்டை மட்டும் போடுங்கள். கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியில் காலியாகக் கிடக்கும் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அடையாள அட்டை எண்ணிலேயே பிறந்த தேதி இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. ஒரு வழக்குத் தாளிலோ நிறுவனப் பதிவிலோ ஒருவரின் எண் கண்ணில் பட்டால் தேதியும் மாநிலமும் கையில் கிடைத்த மாதிரிதான். ஆனாலும் அது அவருடைய தனிப்பட்ட ஆவணம். வாழும் ஒருவரின் பிறந்த தேதிக்கு இப்படிப்பட்ட பதிவேடுகளைச் சான்றாகக் காட்டுவதில்லை. எண்ணைக் கட்டுரையிலோ அதைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்திலோ எழுதுவது அவரை மோசடிக்காரர்களிடம் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். யாராவது எழுதிவிட்டதைப் பார்த்தால் உடனே நீக்குங்கள். பழைய பதிப்பிலும் அது தெரியும் என்பதால், கட்டுரையின் திருத்த வரலாற்றிலிருந்தும் மறைக்கச் சொல்லி ஒரு நிர்வாகியிடம் தனியாகத் தெரிவியுங்கள்.

அவரே பேட்டியில் பிறந்தநாளைச் சொல்லியிருக்கிறார், அது வெளிவந்திருக்கிறது என்றால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பொதுவாழ்வில் அவ்வளவாக இல்லாதவர் முழுத் தேதி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் ஆண்டோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

பிறந்த ஊர் என்று சொந்த ஊரைப் போடலாமா?

அப்பா தஞ்சாவூர்க்காரர், பிள்ளை பிறந்தது சுங்கை சிப்புட்டில். ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் பிள்ளையும் தஞ்சாவூர் என்றே சொல்வார். நம் வழக்கம் அப்படி. நாளிதழ்க்காரர் அதைப் பிறந்த ஊர் என்று எழுதிவிடுவார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களின் குடும்பத்தில் மூத்தவர் அங்கே பிறந்திருப்பார், இளையவர் இங்கே. ஆகவே ‘பூர்வீகம்’, ‘பிறந்த இடம்’, ‘வளர்ந்த இடம்’ மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று கொடுங்கள்.

வாழ்ந்த ஊரைப் பிறந்த ஊராக்குவதும் நடக்கிறது. சிபில் கார்த்திகேசு என்றதும் பாப்பான் என்ற சிற்றூரும் ஈப்போ நகரமும்தான் நினைவுக்கு வரும். ஜப்பான் காலத்தில் அவர் காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தது, பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டது எல்லாம் அங்கேதான். ஆனால் அவர் 1899-இல் பிறந்தது சுமத்ராவின் மேடானில். 1948-இல் இறந்தது பிரிட்டனில். உடல் பின்னால் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை இருக்கும் ஊரை வைத்து இறந்த ஊரை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இனி நாட்டின் பெயர். இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. அதற்கு முன் பிறந்த எவரும் அப்போதைய கணக்கில் மலேசியாவில் பிறக்கவில்லை. பினாங்கில் 1946-க்கு முன் பிறந்தவர், பிரிட்டிஷ் நேரடி ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்தவர். அதே ஆண்டுகளில் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ பிறந்தவர், பிரிட்டிஷ் பாதுகாப்பில் சுல்தான்கள் இருந்த கூட்டு மலாய் மாநிலங்களில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் இரண்டுக்கும் சட்டம் வேறு, குடியுரிமை நிலை வேறு. குடியுரிமைக்காக ஒருவர் அலைந்த கதையை எழுதும்போது இந்த வித்தியாசம் இல்லாமல் கதையே புரியாது.

கோலாலம்பூர் மத்திய அரசின் கீழ் வந்து கூட்டரசுப் பிரதேசம் ஆனது 1974 பிப்ரவரி 1. அதுவரை அது சிலாங்கூர். பினாங்கின் பிள்ளை, நடிகரும் பாடகருமான பி. ரம்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 மார்ச் 22 அன்று பினாங்கில் பிறந்தார், அப்போது அது நீரிணைக் குடியேற்றம். 1973 மே 29 அன்று கோலாலம்பூரில் இறந்தார், அப்போது அது சிலாங்கூர் மாநிலம். ‘மலேசியாவின் பினாங்கில் பிறந்து, கூட்டரசுப் பிரதேசத்தில் இறந்தார்’ என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு தப்பு. படிப்பவருக்குக் குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘இன்றைய மலேசியா’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டு வீரர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டப்பந்தய வீரர் எம். ஜெகதீசன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியது மலாயாவுக்காக. 1964 தோக்கியோவில் மலேசியாவுக்காக.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்?

முதலெழுத்தை விடாதீர்கள். எஸ். சுப்பிரமணியம், எம். சுப்பிரமணியம் என்று பழைய நாளிதழில் நான்கைந்து பேர் வருவார்கள். ஒருவர் செய்தியை இன்னொருவர் கட்டுரையில் ஏற்றிவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பது கடினம். பெயரோடு ஊர், தொழில், காலம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆங்கில நாளிதழ்களில் ஒரே ஆளை மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். தேடும்போது எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும்.

மேடைப்பெயர் உள்ளவர்களுக்கு முழுப்பெயரையும் சான்றோடு முதல் வரியிலேயே கொடுங்கள். ரம்லியின் முழுப்பெயர் தெயுக்கு சக்கரியா பின் தெயுக்கு ஞாக் பூத்தே. ‘பி’ என்பது தந்தை பெயரிலிருந்து வந்தது என்று தெரியாமல் அதற்கு விதவிதமான விளக்கம் எழுதிவிட முடியும்.

டத்தோ, டான்ஸ்ரீ, துன் பட்டங்களை எப்படிச் சரிபார்ப்பது?

நாட்டளவில் வழங்கப்படும் கூட்டரசு விருது என்றால் எளிது. பிரதமர் துறையின் சடங்குப் பிரிவு, பெயரைப் போட்டு விருது பெற்றவரைத் தேடும் வசதியை இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த விருது, எந்த ஆண்டு என்பது அதிலேயே வரும். மாநில விருதுகளுக்கு அந்தந்த மாநிலத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். சுல்தான் அல்லது ஆளுநரின் பிறந்தநாளையொட்டி நாளிதழ்களில் வரும் பெயர்ப் பட்டியல் நல்ல சான்று.

பட்டம் யார் கொடுத்தது என்று எழுதாமல் வெறும் ‘டத்தோ’ என்று விட்டுவிடாதீர்கள். போலிப் பட்டங்கள் இந்த நாட்டில் உண்மையான பிரச்சினை. அதற்கென்று 2017-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. திருமண அழைப்பிதழிலும் கோயில் கும்பாபிஷேகப் பதாகையிலும் போட்டிருக்கும் பட்டம் சான்று ஆகாது.

இன்னொன்று, கட்டுரைத் தலைப்பில் பட்டம் வேண்டாம். 1955 தேர்தலைப் பற்றி எழுதும் பத்தியில் பின்னாளில் கிடைத்த பட்டத்தைச் சேர்த்து எழுதுவதும் வேண்டாம். அன்று அவர் வெறும் பெயரோடுதான் வாக்குக் கேட்டார்.

படிப்பும் பல்கலைக்கழகமும்?

நிறுவனம் எப்போது தொடங்கியது என்று பார்த்தாலே பாதித் தப்பு தெரிந்துவிடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் தொடங்கியது 1969. ஆகவே 1965-இல் அங்கே பட்டம் பெற்றவர் யாரும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் தொடங்கியது சிங்கப்பூரில். கோலாலம்பூர் வளாகம் 1959-இல் வந்தது, 1962-இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. 1954-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்று சான்று சொன்னால், ‘கோலாலம்பூரில்’ என்று நீங்களாகச் சேர்த்துவிடாதீர்கள். அவர் படித்த ஊர் சிங்கப்பூர்.

மாநாடுகளுக்கும் இதே சோதனைதான். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது, இரண்டாவது 1968-இல் சென்னையில். இரண்டையும் மாற்றிப் போட்ட குறிப்பு கிடைத்தால் அதன் மற்ற தகவல்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

‘டாக்டர்’ என்று இருந்தால் மருத்துவரா, முனைவரா, மதிப்புறு முனைவரா என்று கேளுங்கள். மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை இணையத்திலேயே தேடலாம். மதிப்புறு பட்டம் என்றால் கொடுத்த நிறுவனத்தின் பெயரோடு அப்படியே எழுதுங்கள். அந்த நிறுவனத்தைப் பற்றி வேறு எங்கும் செய்தியே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய செய்திகளை எங்கே தேடுவது?

உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டுமானால், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் அங்கே இருக்கிறது. மலாயா முழுவதற்குமான செய்தி அதில் வந்ததால் ஈப்போ, பினாங்குக்காரர்களும் கிடைப்பார்கள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. தமிழ் எழுத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காகச் செய்தி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தேதி தெரிந்தால் அந்த நாள் இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

1924-இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ் நம் சமூகத்துக்கு நாட்குறிப்பு மாதிரி. திருமணம், மரணம், சங்கத் தேர்தல், பள்ளித் திறப்பு எல்லாம் அதில் இருக்கும். பழைய இதழ்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் விசாரியுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. போகுமுன் அவர்களின் இணையப் பட்டியலில் தேடிக் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். அரசியல்வாதி என்றால் நாடாளுமன்ற அறிக்கைகள் 1959 முதல் இருக்கின்றன. எந்தத் தொகுதி, எந்தப் பதவி, எந்த நாளில் என்ன பேசினார் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்த குடும்பத்தவர் என்றால் இலங்கை நூல்களை மின்வடிவில் வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தையும் பாருங்கள்.

இரங்கல் விளம்பரமும் உதவும். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டிருக்கும், பிள்ளைகள் பெயர் இருக்கும். குடும்பம் கொடுத்த விளம்பரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள். இறந்த நாளுக்கு நம்பலாம். ‘தன்னிகரற்ற தலைவர்’ என்பதற்கு நம்ப முடியாது. அதிலிருக்கும் பேரப்பிள்ளைகள் பெயரும் வீட்டு முகவரியும் கட்டுரைக்கு வேண்டாம்.

இணையச் செய்தி என்றால் படித்த அன்றே இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு படி சேமித்து, அந்த இணைப்பையும் மேற்கோளில் சேருங்கள். நாளிதழ் நின்றால் அதன் தளமும் சேர்ந்து போய்விடுகிறது.

ஐந்து இணையதளங்களில் அப்படியே இருக்கிறதே, போதாதா?

ஐந்தும் ஓரிடத்திலிருந்து எடுத்தவையா என்று பாருங்கள். வாக்கியம் ஒரே மாதிரி இருந்தால், பெயரில் அதே பிழை இருந்தால், அது ஒரு சான்றுதான். பல நேரம் அந்த ஓரிடம் விக்கிப்பீடியாவாகவே இருக்கும்.

2009-இல் ஜெர்மனியில் நடந்தது இது. கார்ல் தியோடோர் சூ குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சராக வந்த நேரம். அவருக்கு ஏற்கெனவே நீண்ட பெயர்வரிசை. அதன் நடுவில் ‘வில்ஹெல்ம்’ என்று இல்லாத ஒரு பெயரை யாரோ ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நுழைத்துவிட்டார்கள். பெரிய நாளிதழ்கள் சரிபார்க்காமல் அதையே அச்சிட்டன. விக்கிப்பீடியாவில் ஒருவர் சந்தேகப்பட்டபோது, அந்த நாளிதழ்ச் செய்தியையே சான்றாகக் காட்டினார்கள். ஒரு பொய் வெளியே போய், சான்று என்ற உடையோடு திரும்பி வந்தது.

ஜெர்மனியில் அமைச்சரின் பெயரைச் சரிபார்க்க ஆயிரம் வழி இருந்ததால் விரைவில் வெளிச்சத்துக்கு வந்தது. நம் தோட்டத்துத் தலைவருக்கு அப்படி வழியில்லை. ஆகவே ஒரு தகவல் கட்டுரையில் முதலில் எப்போது சேர்ந்தது என்று அதன் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள். நீங்கள் காட்டும் சான்று அதற்குப் பிந்தியது என்றால் அதற்கு முந்திய சான்றைத் தேடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதும்போதும் அங்குள்ள மேற்கோளைத் திறந்து படித்த பிறகே எழுத வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய தேதிக்கும் நூல் பெயருக்கும் இதே விதிதான். அந்த நூலை நீங்கள் கண்ணால் பார்க்காதவரை அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

‘முதல் தமிழர்’ என்று எழுதலாமா?

மிகுந்த கவனத்தோடு. எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல், யார் சொன்னது என்ற மூன்றும் வேண்டும். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) என்றால் உடனே துன் சம்பந்தன் பெயர் வருவதால் அவரே முதல் தலைவர் என்று எழுதத் தோன்றும். கட்சி 1946-இல் தொடங்கியபோது தலைவர் ஜான் திவி. சம்பந்தன் 1955-இல் வந்த ஐந்தாவது தலைவர், 1973 வரை இருந்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வெளியேற்றப்படாமல் காக்க முயன்றவர். அவரைப் பெரியவராகக் காட்ட அதுவே போதும், இல்லாத ‘முதல்’ தேவையில்லை.

உயிரோடு இருப்பவர் மீது வழக்கு, மணமுறிவு, சாதி பற்றியெல்லாம் எழுதலாமா?

வாழும் மனிதர்களுக்கு விதி இரட்டிப்புக் கடுமை. 2005-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சைகெந்தாலர் கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று ஒரு பச்சைப் பொய் ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதத்துக்கு மேல் நின்றது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் வாழ்வோர் பற்றிய கொள்கை இறுகியது. சான்றில்லாத பாதகமான வரியை ‘சான்று தேவை’ என்று குறியிட்டு விட்டுவைக்கக் கூடாது, கண்டவுடன் நீக்க வேண்டும். மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் இருக்கிறது.

வழக்கு என்றால் குற்றச்சாட்டு, தீர்ப்பு, மேல்முறையீடு மூன்றும் வேறு வேறு. கீழ்நீதிமன்றத்தில் தண்டனை என்று ஒரு நாளிதழ்ச் செய்தியை வைத்து எழுதிவிட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானதை விட்டுவிடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். கடைசி நிலவரம் தெரியாமல் தொடாதீர்கள்.

சாதியை எழுத வேண்டாம். அவரே வெளிப்படையாகச் சொல்லி, அவருடைய பொதுப்பணிக்கும் அது நேரடியாகத் தொடர்பு இருந்தால் மட்டுமே விலக்கு. பெயரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, மாமனார் பெயரைப் பார்த்துச் சாதியை ஊகித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்த இடத்திலேயே நீக்குகிறோம், இதில் விவாதத்துக்கு இடமில்லை.

காலமானார் என்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, மாற்றிவிடலாமா?

பொறுங்கள். பெயரும் நேரமும் போட்ட ஒரு செய்தி நிறுவனம் குடும்பத்தையோ மருத்துவமனையையோ மேற்கோள் காட்டி எழுதட்டும். அரை நாள் தாமதத்தால் கலைக்களஞ்சியத்துக்கு ஒன்றும் குறையாது. உயிரோடு இருப்பவரை இறந்தவராக்கினால் அந்த வீட்டுத் தொலைபேசி ஓயாது.

அவரோ அவர் குடும்பமோ வந்து ‘தப்பு, திருத்து’ என்று சொன்னால்?

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும். அவர்களே கட்டுரையில் கைவைக்காமல் உரையாடல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், அல்லது அவர்கள் சொன்னதை நீங்கள் அங்கே பதிந்து வெளிவந்த சான்றைத் தேடுங்கள். பிறந்த நாள், பெற்றோர் பெயர் போன்ற சர்ச்சையில்லாத செய்திகளுக்கு அவருடைய அதிகாரபூர்வப் பக்கத்தையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ‘ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தார்’ போன்ற புகழ்ச்சிக்கு வெளியாள் ஒருவர் எழுதிய சான்று வேண்டும்.

குடும்பத்தார் படம் கொடுத்தால் எடுத்தவர் யார் என்று கேளுங்கள். நாளிதழில் வந்த படத்தை வெட்டி ஏற்ற முடியாது. கேமரா பிடித்தவரே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் உரிமம் கொடுத்து ஏற்றினால் பிரச்சினை இல்லை.

எவ்வளவு தேடியும் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அவர் மறக்கப்படக் கூடாதவர். என்ன செய்வது?

கிடைத்ததை வைத்துச் சின்னக் கட்டுரை எழுதுங்கள். ஐந்து வரி உறுதியாக நின்றால் போதும், பின்னால் வருகிறவர் சேர்ப்பார்.

அதே நேரம் சான்றை உருவாக்கும் வேலையை விக்கிப்பீடியாவுக்கு வெளியே தொடங்குங்கள். அவரோடு வேலை செய்த பெரியவர்கள் இன்னும் பட்டர்வொர்த்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். அண்ணன், அக்கா என்று போய் உட்கார்ந்து பேட்டி எடுத்து, ஓர் இதழிலோ நாளிதழின் ஞாயிறு மலரிலோ வெளியிடச் செய்யுங்கள். ஆசிரியர் ஒருவர் பார்த்து வெளியிட்டால் அது மேற்கோள் காட்டத் தகுந்தது. சங்கத்தில் நினைவு மலர் போடுகிறார்கள் என்றால், 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நினைவூட்டுங்கள். அங்கே ஒரு படி இருந்தால் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம்.

வீட்டில் பழைய மலர் கிடைத்தால் கட்டுரை வந்த பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். அட்டை, முதல் பக்கம், அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பக்கம் ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். பக்க எண் படத்தில் தெரிய வேண்டும்.